வீட்டுக்குள் வந்த அந்துப்பூச்சி: படம் எடுங்கள், பெயரைக் கண்டுபிடியுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் கேம்ஸ் விளையாடுகிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், கல்யாண வீடியோவைக் காப்பி செய்து வைக்கிறார்கள். இரண்டாவது மாதம் "இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக ஒரு வேலை சொல்கிறேன். இதற்காக எந்த சாஃப்ட்வேரையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஃபைலைக் காப்பி செய்வது, ஃபோல்டர் அமைப்பது, படத்தின் விவரங்களைப் பார்ப்பது, படத்தை வெட்டி எடுப்பது, படத்தைக் கொடுத்தே இன்டர்நெட்டில் தேடுவது ஆகிய ஐந்தும் இந்த ஒரே வேலையில் பழகிவிடும்.

இரவு விளக்கைப் போட்டதும் ஜன்னல் வழியாக உள்ளே வரும் அந்துப்பூச்சியைப் படம் எடுத்து, அது என்ன பூச்சி என்று கண்டுபிடிப்பதுதான் அந்த வேலை. சிலர் இதை விட்டில் என்பார்கள், சிலர் பட்டாம்பூச்சி என்றே சொல்லிவிடுவார்கள். பெரும்பாலான வீடுகளில் அதற்குக் கிடைப்பது துடைப்பத்தின் அடிதான்!

பெயர் தெரிந்து என்ன லாபம்?

உலகில் இதுவரை சுமார் 1,60,000 வகை அந்துப்பூச்சிகள் அறியப்பட்டுள்ளன. பட்டாம்பூச்சிகளைப் போல இது பல மடங்கு. இத்தனை வகைகளில் நம் வீட்டுக்குள் வருவது எது என்பதைப் பொறுத்துத்தான் நாம் செய்ய வேண்டியதும் மாறும். மூன்று உதாரணங்களைப் பாருங்கள்.

முதலாவது, சமையலறையில் அரிசி டப்பாவைத் திறந்தால் பறக்கும் சின்னஞ்சிறு சாம்பல் நிறப் பூச்சி. இதன் புழு அரிசி மணிகளை நூலால் பின்னி, உள்ளே இருந்து தின்னும். பறப்பதை அடித்துப் பயனில்லை. அரிசியை வெயிலில் காய வைத்துப் புடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டும்.

இரண்டாவது, சுவரில் ஒட்டிக்கொண்டு தொங்கும், சீரகத்தைவிடச் சற்றுப் பெரிய, தட்டையான சாம்பல் நிறக் கூடு. ஏதோ அழுக்கு என்று நினைப்போம். உற்றுப் பார்த்தால் மெல்ல நகரும். உள்ளே இருப்பதும் ஒரு அந்துப்பூச்சியின் புழுதான். கூட்டின் இரண்டு முனையும் திறந்திருப்பதால் எந்தப் பக்கமும் தலையை நீட்டும். சிலந்தி வலை, தூசு, முடி ஆகியவற்றைத் தின்னும். மூலைகளில் ஒட்டடை அடித்தாலே குறைந்துவிடும்.

மூன்றாவது, உள்ளங்கை அளவில் வந்து உட்காரும் பெரிய பூச்சி. வீட்டில் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் இது பெரும்பாலும் யாருக்கும் கெடுதல் செய்யாது.

ஆக, பயப்பட வேண்டாததை அடிக்கிறோம், கவனிக்க வேண்டியதை விட்டுவிடுகிறோம். பெயர் தெரிந்தால் இந்தக் குழப்பம் தீரும்.

படம் எடுக்கும் முன்

முதல் வேலை, மின்விசிறியை நிறுத்துவது. கேமராவைத் தேடி ஓடும் நேரத்தில் பூச்சி விசிறியில் அடிபட்டுவிடும். பல்லி பக்கத்தில் இருந்தால் அதையும் கவனியுங்கள்.

இரண்டாவது, கையால் பிடிக்காதீர்கள். இறக்கையைத் தொட்டால் விரலில் ஒட்டும் தூள் விஷம் அல்ல. அவை மிக நுண்ணிய செதில்கள். இறக்கையின் நிறமும் கோலமும் அந்தச் செதில்களில்தான் இருக்கின்றன. அவை உதிர்ந்தால் அடையாளமும் போய்விடும். உடலில் முடி நிறைந்த புழுக்களையோ வெறும் கையால் தொடவே கூடாது. சிலவற்றின் முடி பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும்.

மூன்றாவது, ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அருகில் இருந்து ஃபிளாஷ் அடித்தால் செதில்கள் ஒளியைத் திருப்பி அனுப்பி, படம் வெளுத்துப் போகும். சுவரில் கறுப்பு நிழலும் விழும். அதற்குப் பதில் ஒரு மேஜை விளக்கையோ டார்ச்சையோ பக்கவாட்டில் இருந்து காட்டச் சொல்லுங்கள். விளக்கின் முன் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் வெளிச்சம் மென்மையாக விழும்.

எத்தனை படம்? எந்தக் கோணம்?

அழகான படம் வேறு, அடையாளம் காண உதவும் படம் வேறு. அழகான படத்துக்கு ஒரு கோணம் போதும். நமக்கு வேண்டியது பாஸ்போர்ட் போட்டோ போன்றது. குறைந்தது ஐந்து படம் எடுங்கள்.

1. நேர் மேலிருந்து ஒன்று. பூச்சி சுவரில் இருந்தால் சுவருக்கு நேர் எதிரே கேமராவைப் பிடியுங்கள். சாய்வாகப் பிடித்தால் இறக்கையின் ஒரு பகுதி மங்கிவிடும்.

2. பக்கவாட்டில் ஒன்று. உடலின் தடிமனும் கால்களும் தெரிய வேண்டும்.

3. தலை மட்டும் ஒன்று. உணர்கொம்புகள் தெளிவாக விழ வேண்டும். பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் குண்டாக, தீக்குச்சித் தலைபோல் இருக்கும். அந்துப்பூச்சிக்குப் பெரும்பாலும் நூல்போலவோ இறகுபோலவோ இருக்கும்.

4. இறக்கை நுனி மட்டும் ஒன்று. இது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

5. அளவுகோலுடன் ஒன்று. பக்கத்தில், அதே சுவரை ஒட்டி, பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கேலை வையுங்கள். அது இல்லாமல் ஒரு சென்டிமீட்டர் பூச்சிக்கும் பத்து சென்டிமீட்டர் பூச்சிக்கும் படத்தில் வித்தியாசமே தெரியாது.

டிஜிட்டல் கேமரா வைத்திருப்பவர்கள், பூப்போன்ற சின்னம் உள்ள மேக்ரோ மோடுக்கு மாற்றுங்கள். செல்போனில் எடுப்பவர்கள் மிக அருகே போக வேண்டாம். ஒரு சாண் தூரத்தில் நின்று, திரையில் பூச்சியின் மேல் விரலால் ஒருமுறை தட்டுங்கள். ஃபோகஸ் அங்கே பொருந்தும். முழங்கையைச் சுவரிலோ நாற்காலியிலோ ஊன்றிக்கொண்டால் கை நடுங்காது. இரண்டு வினாடி டைமர் வைத்தால் பட்டனைத் தொடும்போது வரும் அசைவும் இருக்காது.

பெரிய பூச்சி உட்கார்ந்த இடத்திலேயே இறக்கையை நடுக்கினால் அது உங்களைப் பார்த்துப் பயப்படுகிறது என்று நினைக்காதீர்கள். பறப்பதற்கு முன் தசைகளைச் சூடேற்றிக் கொள்கிறது. உங்களுக்கு இன்னும் சில நொடிகளே இருக்கின்றன!

கம்ப்யூட்டருக்கு மாற்றுதல்

செல்போனை யூஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரில் இணையுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் முதலில் சார்ஜ் மட்டுமே ஏறும். போன் திரையை மேலிருந்து கீழே இழுத்தால் யூஎஸ்பி பற்றி ஒரு அறிவிப்பு இருக்கும். அதைத் தொட்டு "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது "திஸ் பிசி" பகுதியில் உங்கள் போனின் பெயர் தெரியும். அதற்குள் டிசிஐஎம் என்ற ஃபோல்டரைத் திறந்தால் கேமரா படங்கள் இருக்கும். டிஜிட்டல் கேமராவின் மெமரி கார்டிலும் இதே பெயரில்தான் ஃபோல்டர் இருக்கும்.

வேண்டிய படங்களைத் தேர்ந்தெடுத்து, மவுஸின் வலது பட்டனை அழுத்தி "காப்பி" கொடுங்கள். கம்ப்யூட்டரில் "பிக்சர்ஸ்" ஃபோல்டருக்குள் "பூச்சிகள்" என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் "பேஸ்ட்" செய்யுங்கள். ஃபோல்டருக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். இன்றைய விண்டோஸ் யூனிகோட் முறையைப் பயன்படுத்துவதால் சிக்கல் எதுவும் வராது.

பலர் படத்தை வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொள்கிறார்கள். இந்த வேலைக்கு அது சரிப்படாது. சாதாரணமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். படத்தோடு இருக்கும் தேதி, இடம் போன்ற விவரங்களும் போய்விடும். வேறு வழியில்லை என்றால் "டாக்குமெண்ட்" ஆக அனுப்புங்கள்.

படத்துக்குள் ஒளிந்திருக்கும் விவரம்

ஒரு படத்தின் மேல் வலது கிளிக் செய்து "பிராப்பர்டீஸ்" போய், "டீட்டெய்ல்ஸ்" என்ற டேபைப் பாருங்கள். எடுத்த தேதி, நேரம், கேமராவின் மாடல், ஃபிளாஷ் அடித்ததா இல்லையா என்று எல்லாம் இருக்கும். இதற்கு எக்ஸிஃப் விவரம் என்று பெயர். போனில் இருப்பிட வசதி இயங்கினால் படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் இருக்கும்.

எந்த மாதத்தில், எந்த ஊரில் பார்த்தோம் என்பது பூச்சியை அடையாளம் காண மிகவும் உதவும். அதனால் டிஜிட்டல் கேமராவில் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டிய கேமராவில் தேதி பழைய ஆண்டுக்குப் போயிருக்கலாம்.

அடுத்து, ஃபைலின் பெயரை மாற்றுங்கள். ஃபைலைத் தேர்ந்தெடுத்து எஃப்2 கீயை அழுத்தினால் பெயர் மாற்றலாம். "2025-10-12_ஹால்_தலை" என்பதுபோல் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வைத்தால் ஃபைல்கள் தானாகவே கால வரிசையில் அடுக்கி நிற்கும்.

வெட்டி எடுத்தல்

படத்தில் பாதிக்கு மேல் வெறும் சுவராக இருந்தால் தேடும் சாஃப்ட்வேர் தடுமாறும். விண்டோஸுடன் வரும் பெயிண்ட் போதும். படத்தை அதில் திறந்து, "செலக்ட்" கருவியால் பூச்சியைச் சுற்றிக் கட்டம் போட்டு, "கிராப்" என்பதை அழுத்துங்கள். பிறகு "சேவ்" கொடுக்காதீர்கள். "சேவ் ஆஸ்" கொடுத்து வேறு பெயரில் வையுங்கள். மூலப் படம் அப்படியே இருக்க வேண்டும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஜேபெக் வகைப் படத்தைத் திருத்தி ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் அது மறுபடி சுருக்கப்படும். நுண்ணிய கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். நமக்கு வேண்டியதே அந்தக் கோடுகள்தான். அதுபோல, நிறத்தைக் கூட்டுவது, பளபளப்பாக்குவது போன்ற வேலைகளும் வேண்டாம். பழுப்புப் பூச்சி சிவப்பாகிவிட்டால் பெயரும் மாறிவிடும்.

பெயரைத் தேடுதல்

இனி இன்டர்நெட். கூகுள் தேடல் கட்டத்தின் ஓரத்தில் கேமரா போன்ற சின்னம் இருக்கும். அதைக் கிளிக் செய்து வெட்டிய படத்தைக் கொடுத்தால், அதுபோன்ற படங்களைக் கொண்டுவரும். 2017ல் அறிமுகமான கூகுள் லென்ஸ்தான் இந்த வேலையைச் செய்கிறது. வேகமாகச் செய்யும். ஆனால் தோற்றத்தில் ஒத்ததைக் காட்டுமே தவிர, சரிபார்க்க ஆள் கிடையாது.

சரிபார்க்க ஆளும் வேண்டும் என்றால் ஐநேச்சுரலிஸ்ட் இருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2008ல் மாணவர்கள் செய்த முதுகலை புராஜெக்டாகத் தொடங்கியது இது. இப்போது லாப நோக்கமற்ற அமைப்பாக இயங்குகிறது. இலவசமாகக் கணக்குத் தொடங்கலாம். ஒரே பூச்சியின் ஐந்து படங்களையும் ஒரே பதிவாக ஏற்றினால், சாஃப்ட்வேர் முதலில் சில பெயர்களைப் பரிந்துரைக்கும். பிறகு பூச்சிகளை அறிந்தவர்கள் பார்த்துத் தங்கள் கருத்தைச் சொல்வார்கள். தேதி, இடம், படம் மூன்றும் இருந்து, கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒரே வகை என்று ஒத்துக்கொண்டால், பதிவு ஆய்வுத் தரம் பெறும். இந்தியப் பூச்சிகளுக்கென்றே "மாத்ஸ் ஆஃப் இந்தியா" என்ற தளமும் இருக்கிறது. அங்கே உள்ள படங்களோடு உங்கள் படத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சாஃப்ட்வேர் எழுதும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்தப் புரோகிராம்கள் பூச்சியை அறிவதில்லை. ஏற்கெனவே பெயரிட்ட லட்சக்கணக்கான படங்களில் இருந்து கற்றுக்கொண்டு, உங்கள் படம் எதற்கு நெருக்கம் என்று கணக்குப் போடுகின்றன. அதனால் முதலில் வரும் பெயரைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஒரு யோசனை. அதைச் சோதிப்பது உங்கள் வேலை.

ஒரு உண்மை உதாரணம்

எங்கள் வீட்டு ஹாலில் ஓர் இரவு வந்து உட்கார்ந்தது பச்சை நிறப் பூச்சி ஒன்று. இறக்கைகளை விரித்து வைத்தால் ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறையாது. ஜெட் விமானம் போன்ற முக்கோண வடிவம், பட்டாள உடுப்பு போலக் கரும்பச்சை, இளம்பச்சை, வெளிர் ரோஜா நிறத் திட்டுகள். "என்னப்பா இது, விஷப்பூச்சியா? குழந்தை தூங்குது, முதல்ல அடிச்சிடு" என்றார் அம்மா. "ரெண்டு நிமிஷம் இரும்மா, பார்த்துச் சொல்றேன்" என்று மேலே சொன்ன முறையில் படங்களை எடுத்தேன்.

தேடலில் முதலில் வந்த பெயர் ஒலியாண்டர் ஹாக் மாத். நம் ஊரில் அரளிச் செடியில் வளர்வது. டாஃப்னிஸ் நெரீ என்பது அறிவியல் பெயர். 1758ல் லின்னேயஸ் விவரித்த பூச்சி இது. இந்தப் பெயர் சரிதானா என்று மூன்று கேள்விகளால் சோதித்தேன்.

முதல் கேள்வி: ஊரும் அளவும் பொருந்துகிறதா? பொருந்துகிறது. இது தமிழகத்தில் பரவலாகக் காணப்படும் வகை.

இரண்டாவது: இதன் உணவுச் செடி பக்கத்தில் இருக்கிறதா? இதன் புழு அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி இலைகளைத் தின்னும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நந்தியாவட்டை உண்டு.

மூன்றாவது: இதைப் போலவே இருக்கும் வேறு வகை உண்டா? உண்டு. இதன் நெருங்கிய உறவான ஜேட் ஹாக் மாத் இந்தியாவில் இருக்கிறது. அதன் நிறம் இன்னும் இருண்டிருக்கும், முன் இறக்கை நுனியில் சின்ன வெள்ளைப் புள்ளி ஒன்றும் இருக்கும். இறக்கை நுனியைத் தனியாகப் படம் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். எங்கள் படத்தில் அந்தப் புள்ளி இல்லை. பெயர் உறுதியானது.

பிறகு அம்மாவிடம் விவரத்தைச் சொன்னேன். இது கடிக்காது, கொட்டாது. நீண்ட உறிஞ்சுகுழலால் மாலையில் மணமுள்ள பூக்களில் தேன் குடிக்கும். போகிற வழியில் மகரந்தத்தையும் சுமந்து செல்லும். மாட்டுக்கும் மனிதருக்கும் நஞ்சான அரளி இலையைத் தின்று வளர்கிறது இதன் புழு. பச்சை உடல், வாலில் ஒரு கொம்பு, தலைக்குப் பின்னால் நீலமும் வெள்ளையுமாக இரண்டு பொய்க் கண்கள் இருக்கும். "இந்தப் புழுவை நான் நந்தியாவட்டையில பார்த்திருக்கேனே!" என்றார் அம்மா. துடைப்பம் மூலைக்குப் போனது.

வெளியே விடுவது எப்படி?

ஒளி ஊடுருவும் டப்பாவை மெதுவாகப் பூச்சியின் மேல் கவிழுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைச் சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவே நுழையுங்கள். வெளியே கொண்டுபோய், விளக்கு இல்லாத இடத்தில், செடியருகில் திறந்து விடுங்கள். டப்பாவில் இருக்கும்போதே அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

உயரத்தில் பறந்துகொண்டே இருந்தால் துரத்த வேண்டாம். அறை விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள். இந்தப் பூச்சிகள் ஏன் விளக்கைச் சுற்றுகின்றன என்பதற்கு 2024 ஜனவரியில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியான ஆய்வு ஒரு விளக்கம் தந்தது. அதிவேகக் கேமராக்களால் பூச்சிகள் பறப்பதைப் பதிவு செய்து பார்த்தார்கள். இரவிலும் வானம்தான் பூமியைவிட வெளிச்சமானது என்பதால், பூச்சிகள் முதுகை எப்போதும் வெளிச்சத்தின் பக்கம் திருப்பியே பறக்கின்றன. பல்பு அருகே வந்ததும் அதை நோக்கி முதுகைத் திருப்பித் திருப்பி, விலக முடியாமல் சுற்றுகின்றன. விளக்கை அணைத்தால் விடுதலைதான்.

படத்தைப் பகிரும் முன்

உங்கள் படத்தில் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை உங்கள் வீட்டு முகவரிக்குச் சமம். பொது இடத்தில் ஏற்றும் முன் இதைக் கவனியுங்கள். படத்தின் "பிராப்பர்டீஸ்" பகுதியில், "டீட்டெய்ல்ஸ்" டேபின் கீழே, "ரிமூவ் பிராப்பர்டீஸ் அண்ட் பெர்சனல் இன்ஃபர்மேஷன்" என்று ஓர் இணைப்பு இருக்கும். அதன் மூலம் இந்த விவரங்கள் இல்லாத நகல் ஒன்றை உருவாக்கலாம். ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றும்போது இருப்பிடத்துக்கு "அப்ஸ்கியூர்டு" என்பதைத் தேர்ந்தெடுத்தால், மற்றவர்களுக்குச் சரியான இடம் தெரியாது. நம் பகுதியில் சுமார் 20 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு கட்டத்துக்குள் ஏதோ ஓர் இடம் என்று மட்டுமே காட்டும்.

கம்ப்யூட்டருக்குள் சிக்கிய பூச்சி

புரோகிராமில் வரும் பிழையை "பக்" என்கிறோம் அல்லவா? 1947 செப்டம்பர் 9 அன்று, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் டூ என்ற கம்ப்யூட்டர் கோளாறு செய்தது. திறந்து பார்த்தால், ரிலே ஒன்றில் சிக்கிக் கிடந்தது ஓர் அந்துப்பூச்சி! அதை எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, உண்மையான பூச்சியே கிடைத்துவிட்டது என்று வேடிக்கையாகக் குறிப்பும் எழுதினார்கள். பக் என்ற சொல் இதில் பிறந்ததாகப் பலர் சொல்வார்கள். அது சரியல்ல. எடிசன் 1870களிலேயே இயந்திரக் கோளாறுகளை அப்படி அழைத்திருக்கிறார். அந்தப் பதிவேடு, பூச்சியோடு சேர்த்து, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

அவர்கள் செய்ததும் நாம் செய்வதும் ஒன்றுதான்: தேதி போட்டு, ஆதாரத்தோடு பதிவு செய்து வைப்பது. டேப்புக்குப் பதில் நமக்கு ஃபோல்டர் இருக்கிறது.

2012 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை கடைசியில் அந்துப்பூச்சி வாரம் பல நாடுகளில் கொண்டாடப்படுகிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு வராந்தா விளக்கைப் போட்டுப் பாருங்கள். வருவது சாதாரணப் பூச்சியாகத்தான் இருக்கும், பரவாயில்லை. "பூச்சிகள்" ஃபோல்டரில் முதல் ஐந்து படங்கள் சேரட்டும். முக்கியமாக, அந்த ஃபோல்டரை மாதம் ஒருமுறை பென் டிரைவிலும் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.